அப்பா திருப்பி வைத்த வாசல்

காலையில் ஏரிக்கரையில் என்னோடு நடக்கிற கிழவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும் நீங்களெல்லாம் சர்க்கரை வியாதி, காசி யாத்திரை, வெளிநாட்டுப் பேரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான்தான் பாக்கி. ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் வாத்தியார் வேலை பார்த்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லியிருக்கிற விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர் நம் கூட்டத்தில் கிடையாது. ஜூஜுவாடியில் தகரக் கொட்டகைக்கு வாடகை கொடுத்து, பழைய லேத் ஒன்றை வைத்து ஆரம்பித்தவன். இன்றைக்கு இந்த நெடுஞ்சாலையில் போகிற எந்த லாரியை நிறுத்திக் கழற்றிப் பார்த்தாலும் என் பட்டறையில் கடைந்த ஒரு சாமானாவது உள்ளே இருக்கும். இன்ஜினியரிங் படித்த பையன்கள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மிஷினைத் தொடுகிறார்கள். எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று கேட்டால் ஒரே பதில்தான். கண்ணையும் காதையும் வெளியே வைத்திருந்தேன். மிஷின் சத்தம் ஒரு நூல் மாறினால் கொட்டகைக்கு வெளியே நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தவன் எல்லாம் இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கிறான்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு யோகா மாஸ்டரைக் கூட்டிவந்தீர்கள். வெளியே பார்த்தது போதும், கண்ணை மூடி உங்களுக்குள்ளே பாருங்கள் என்றார். நீங்களெல்லாம் நல்ல பிள்ளைகளாக மூடிக்கொண்டீர்கள். நான் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். பணக்காரத் திமிர் என்று பேசிக்கொண்டீர்களாம். திமிர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எழுந்து போனது அதனால் இல்லை. கண்ணை மூடினதும் எனக்கு ஒரு செங்கல் சுவர் தெரிந்தது. பூச்சு காயாத, ஈரச் சுவர். அதன் இந்தப் பக்கம் இருட்டில் நான் நிற்கிறேன். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

அது என்ன சுவர் என்று சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கோடையில் என் அம்மா செத்துப்போனாள். கதை எழுதுகிறவர்கள் மாதிரி கடைசி வரை மறைத்துவைக்க எனக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எப்படிப் போனாள் என்பதுதான் சொல்லவேண்டியது.

எங்கள் ஊர் சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம். அப்போது இந்தப் பக்கம் கேழ்வரகும் அவரையும் கொள்ளும்தான். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த கல்லு மேட்டில் ஒரு ஃபேக்டரி வரப்போகிறது என்று பேச்சு வந்ததும் எங்கள் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றிச் சொன்ன மாதிரி. வீட்டுக்குள் நின்று அவரைப் பார்த்ததே குறைவு. விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசுவார், மூன்றிலும் சிரிக்க வைப்பார். எந்த லாரி எங்கே போகிறது, எந்த ஆபீசர் எந்த ஊர்க்காரர், யார் வீட்டு ஆழ்துளையில் எத்தனை அடியில் தண்ணீர் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். மாடு பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, இதற்கு ரத்தம் செத்துக்கிடக்கிறது, பிண்ணாக்கு போடு என்பார். சந்தையில் மாடு வாங்க ஊரே அவரை அழைத்துக்கொண்டு போகும்.

அந்தத் தை மாதம் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. பிரசவம் பார்த்த அம்மாள் துணியில் சுற்றிக் கொடுக்க, அப்பாவும் சித்தப்பாவும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தார்கள். வயிறு காலியாகிவிட்டது, அடுத்தது சீக்கிரம் தங்கும் என்று அந்த அம்மாள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் நடந்ததை மறுபடி எடுத்துப் பேசுகிற பழக்கம் கிடையாது.

அடுத்த வாரமே ஃபேக்டரிக்கு ரோடு போட அளக்க ஆபீசர்கள் வந்தார்கள். அப்பா அவர்களை நேராக எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார். அம்மா எழுந்து மோர் கரைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு எழுந்தவள் பிறகு படுக்கவே இல்லை. அளக்கிறவர்கள், ஜல்லி அடிக்கிறவர்கள், மேஸ்திரிகள் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் களியோ சோறோ எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து போனது. பெரிய மனுஷன் வீடு என்று பேர் வந்தது. அப்பாவுக்கு அது போதும்.

எனக்கு அந்த ரோடு போட்டது திருவிழா மாதிரி. தார் டிரம்மை உருட்டிவந்து அடியில் விறகு மூட்டுவார்கள். அந்த வாசனை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. ஆறின தாரைப் பிய்த்து உருட்டி நாங்கள் கோலி விளையாடுவோம். ரோலர் ஓட்டுகிறவர் மாலூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் மட்டும்தான். அவர் பெட்டியிலிருந்து ஒரு பேரிங் குண்டு எடுத்து எனக்குக் கொடுத்தார். வெயிலில் வைத்தால் கண் கூசும். கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். நான் தொட்ட முதல் எஃகு அதுதான். இன்றைக்கு என் பட்டறைக்குப் பேரிங் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. அந்த ஒரு குண்டு எங்கே விழுந்தது என்று இன்னும் தெரியாது.

ரோடு நெடுஞ்சாலையில் கிளம்பி நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால், ஒரு வண்டி நிற்கிற இடம் விட்டு, அங்கிருந்து வலது பக்கம் திரும்பி மேட்டுக்கு ஏறியது. வாசலில் நின்றால் நெடுஞ்சாலையில் போகிற லாரி வரைக்கும் ஒரே பார்வையில் தெரியும். அப்பா அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அந்த வாசலில்தான் அம்மா உட்கார ஆரம்பித்தாள். வேலை செய்துகொண்டிருப்பாள், நடுவில் வந்து நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. உதடும் நகமும் வெளுத்துப்போயின. ஜல்லித் தூசியும் சிமெண்டுத் தூசியும் ஊர் முழுக்கப் பறந்துகொண்டிருந்ததால் எல்லார் முகமும் வெளுப்பாகத்தான் இருந்தது. அப்பா ஒருநாள் அவளைப் பார்த்து, முகத்தைக் கழுவக்கூட நேரம் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு மண் தின்ன ஆரம்பித்தாள். அதை முதலில் பார்த்தவன் நான்தான். அடுப்படிச் சுவரில் மண் பூச்சைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மழை பேஞ்ச வாசனை அடிக்குதுடா," என்றாள்.

அந்தக் கோடையில் அவள் என்னிடம் தானாகச் சொன்ன ஒரே பேச்சு அது. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. சூளையிலிருந்து உடைந்த ஓட்டுச் சில்லு கொண்டுவந்து கொடுத்தேன். முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். ரத்தம் வற்றின உடம்பு மண்ணுக்கு ஏங்கும் என்று இன்றைக்கு என் கம்பெனி டாக்டர் சொல்கிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா சொன்னது வேறு. ரோட்டுக்காக மேட்டில் ஏதோ கல்லைப் பெயர்த்திருக்கிறார்கள், அங்கே இருந்தது இறங்கி நேராக இந்த வாசலுக்கு வந்துவிட்டது என்றாள். ரோடு வந்தது, இவள் பேச்சு நின்றது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நிஜம் என்ன என்பது வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அக்காவுக்கு. அவளுக்கு அப்போது பதின்மூன்று இருக்கும். பிரசவத்திலிருந்தே அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. சில நாள் குறையும், சில நாள் கொட்டும். விடியற்காலையில் அக்கா துணிகளைக் கூடையில் போட்டு மேலே சாணிக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடைக்குப் போவாள். அவள் தண்ணீருக்குப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். இதெல்லாம் அக்கா எத்தனையோ வருஷம் கழித்து, சாமல்பட்டியில் அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது.

ஏன் மறைத்தார்கள் என்று இளவட்டங்கள் கேட்பார்கள். நமக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாதம் மூன்று நாள் பெண்கள் மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில்தான் இருக்கவேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது, விளக்கைத் தொடக்கூடாது. நிற்காமல் போகிறது என்று தெரிந்தால் நிற்கிற வரைக்கும் அம்மா சாய்ப்பில்தான். ஆபீசர்களுக்கு யார் சமைப்பது? அப்பாவின் பேர் என்ன ஆவது? அதனால் அம்மா அக்காவின் வாயைக் கட்டிவிட்டாள். ஆண்பிள்ளைகள் காதுக்குப் போகிற விஷயமா இது என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவும் கேட்கிறவர் இல்லை.

அப்பா சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சம் இல்லை. பிள்ளையார் மாடம் ஒன்று கட்டி ரோட்டைப் பார்த்து வைத்தார். பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து கட்டினார். கதவின் மேல் கண்ணாடி மாட்டினார். சாயங்காலம் லாரி விளக்கு அதில் பட்டுப் பளீரென்று திரும்பும், லாரிக்காரன் திட்டுவான். எதிலும் குணம் தெரியவில்லை என்றதும் குருபரப்பள்ளிப் பக்கமிருந்து மனை பார்க்கிறவர் ஒருவரை பஸ்ஸில் கூட்டிவந்தார்.

அந்த மனுஷன் குடை பிடித்துக்கொண்டு, முடிச்சுப் போட்ட கயிற்றால் வீட்டைச் சுற்றி அளந்தார். வாசலை அளந்தார். ரோட்டில் நடந்து போய்த் திரும்பி நின்று ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்தார். நிலைப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கயிறு பிடிக்க வசதியாக அவளைத் தள்ளி உட்காரச் சொன்னாரே தவிர அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"தெருக்குத்து," என்றார். "வாசல்ங்கிறது வீட்டுக்கு நெஞ்சு. ரோடு நேரா வந்து நெஞ்சுல குத்துது. வீட்டுப் பொம்பளைதான் முதல்ல படுப்பா."

கிழக்கு வாசலை அடைத்துவிட்டு வடக்குச் சுவரில் புது வாசல் வைக்கவேண்டும், வேறு வழி இல்லை என்றார். வடக்கே எங்கள் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு ஆள் தலைச்சுமையோடு போகலாம், அவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னார். பழைய வாசலை அடைத்த நாளிலிருந்து புது வாசக்கால் நிற்கிற நாள் வரைக்கும் வீட்டுக்காரி வீட்டு எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் லட்சுமியே போன மாதிரி. நல்ல நாள் அமாவாசை கழித்துத்தான் வருகிறது.

சித்தப்பா ஃபேக்டரி வேலை நடக்கிற இடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். காக்கிச் சட்டை போட்டதும் அவருக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"ஏண்ணா, ரோடு வேணும் ரோடு வேணும்னு ஆபீசருங்க பின்னாடி ஓடினது நீ. இப்ப ரோடு வந்தா அதுக்கு முதுகைக் காட்டுற."

"ரோடு ஊருக்குடா. குத்து எனக்கு," என்றார் அப்பா.

மேஸ்திரி வந்தார். பழைய நிலையை நெம்பி எடுத்தார்கள். பச்சை பெயிண்ட் அடித்த மாமரக் கதவு, பித்தளை வளையம் போட்டது. அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடக்கப் பழகினேனாம். கதவைத் திரும்ப வைக்கக்கூடாது என்றதால் கொட்டகை மேல் போட்டார்கள். மழையில் மக்கிப்போயிற்று. ஓட்டையைச் செங்கல் வைத்து அடைக்கும்போது ஒற்றைச் செங்கல் போதும் என்றார் மேஸ்திரி. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இரட்டைச் செங்கல், நல்ல சிமெண்டு, யானை மோதினாலும் அசையக்கூடாது என்று பக்கத்திலேயே நின்று கட்ட வைத்தார். சிமெண்டு அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் வீட்டுக்கும் கிடையாது. ரோடு கான்ட்ராக்டர் அப்பாவுக்காக மூட்டை கொடுத்தனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் நர்சம்மா வந்தாள். ஓசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை, சொந்த ஊர் தெற்கே. ஜல்லி அடிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தவள், தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுப் பக்கம் வந்தாள். சந்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நாடியைப் பிடித்தாள்.

"ஒடம்புல ரெத்தமே இல்லல்லா," என்றாள். அப்பாவும் சித்தப்பாவும் மேஸ்திரியும் சித்தாளும் சுற்றி நிற்கிறார்கள். அவ்வளவு பேர் நடுவில் கேட்டாள், "பேறுகாலத்துக்கு அப்புறம் தீட்டு நின்னுட்டாம்மா? இன்னும் போகுதா?"

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றாள்.

நர்சம்மா நல்லவள். அந்த ஊரில் அம்மாவை ஒரு ஆளாகப் பார்த்து விசாரித்தவள் அந்த நர்சம்மா ஒருத்திதான். ஆனால் அந்தக் கேள்வியை அம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கேட்டிருக்கவேண்டும். அக்கா பக்கத்தில்தான் நின்றாளாம். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்ததாம். அம்மா ஒரு பார்வை பார்த்தாளாம்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், ரத்தம் ஏற்றவேண்டும் என்றாள் நர்சம்மா. அப்பா மரியாதையாகத்தான் பதில் சொன்னார். வாசக்கால் நிற்கிற வரைக்கும் எல்லை தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், வைத்த மறுநாள் நானே பஸ் ஏற்றிக் கூட்டிவருகிறேன் என்றார்.

"மாட்டுக்கெல்லாம் இமையை இழுத்துப் பாப்பீங்களாமே, ஒருதரம் இவளுக்குப் பாருங்க," என்றாள் அவள். "வாசல் நிக்கும். இவ நிப்பாளா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. வேறு மதத்துக்காரி, நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது என்று அவள் போன பிறகு சொன்னார். இமையை அவர் பார்க்கவில்லை.

அப்பா சாகிற வரைக்கும் அந்த ரோட்டைத்தான் குற்றம் சொன்னார். ஒரு மாதம் முன்னாலேயே வாசலைத் திருப்பியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பார். பஸ் நிற்கிற இடத்தில், டீக்கடையில், முன்பின் தெரியாத டிரைவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அவர் அன்பு இல்லாதவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த வீட்டுக்காக அவர் அளவு ஓடியவன் கிடையாது. ஓடினதெல்லாம் வெளியே. அவருக்குத் தெரிந்தது அதுதான். அவர் பிள்ளை நானும் அந்த மாதிரிதான். என் சம்சாரத்துக்கு நெஞ்சுவலி இருந்தது என்று டாக்டர் வாயால்தான் கேட்டேன்.

கிழக்கு வாசல் அடைத்த பிறகு வீடு இருட்டாகிவிட்டது. வடக்கே பெரிய ஓட்டை இடித்திருந்தாலும் கொட்டகை மறைத்துக்கொண்டதால் வெளிச்சம் வராது. அம்மா புதுச் சுவர் ஓரமாகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். ஈரம் ஊறிக்கொண்டிருக்கிற சுவர், குளிர்ச்சியாக இருக்கும். கன்னத்தை ஒட்டிவைத்துக்கொள்வாள். சிமெண்டுப் பூச்சில் நகம் இறங்காது. இருந்தாலும் சுரண்டிப் பார்த்திருக்கிறாள், கோடு கோடாக இருந்தது. வெளியே ரோட்டில் லாரி வருவது எங்களுக்குச் சத்தமாக மட்டும் கேட்டது.

வாசக்கால் வைத்த அன்று காலையில் ஊரே வந்திருந்தது. கான்ட்ராக்டர், ஓவர்சியர், சந்தைக்கார சிநேகிதர்கள், ரோலர் டிரைவர் எல்லாரும். ஒப்புட்டு, அதுதான் போளி, சுடுகிற வாசனை தெரு முனை வரைக்கும் அடித்தது. புது நிலைக்கு மஞ்சள் பூசி, அடியில் நவதானியம் போட்டு நிறுத்தினார்கள். அம்மாவைப் பெண்கள் குளிப்பாட்டி, கல்யாணப் புடவை கட்டி, முகத்துக்குக் கனமாக மஞ்சள் பூசிக் கூட்டிவந்தார்கள். அந்த மஞ்சளில் வெளுப்பெல்லாம் மறைந்துவிட்டது. பாரு, முகம் எப்படித் தெளிஞ்சிடுச்சு என்று பெரியம்மா சொன்னாள். எல்லாரும் பார்த்தார்கள். ஆமாம் என்றார்கள். அப்பாவும் பார்த்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தை நின்று பார்த்தார். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போனார்.

அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே வந்தாள். விளக்கைக் கொஞ்சமும் ஆடாமல் சாமி மாடத்தில் வைத்தாள். திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு பாயில் போய் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள். களைப்பு, படுக்கட்டும் என்று பெண்கள் பந்திக்குப் போய்விட்டார்கள்.

உச்சி வெயில் நேரம். நான் ஒப்புட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பாய் முழுக்க நனைந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது கறுப்பாகத் தெரிந்தது. ஏதோ எண்ணெய் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். அக்கா எழுந்து வாசலுக்குப் போய்க் கத்தினாள். அந்தக் கோடை முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கத்தின கத்தலில் பந்தியே எழுந்துவிட்டது.

கான்ட்ராக்டர் ஜீப்பை மேட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார், அதைக் கூட்டிவர சித்தப்பா அங்கே ஓடினார். ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு வந்து, ரோடு எங்கே கொண்டுவிடுமோ அங்கே, பழைய வாசல் இருந்த சுவருக்கு நேராக வந்து நின்றது. பெண்கள் இரண்டு பேர் அம்மாவைத் தூக்கப் பார்த்தார்கள். தூக்கினதும் உதிரம் கொட்டியது. மடக்காதீங்க, படுக்க வெச்சே தூக்குங்க என்று பிரசவம் பார்த்த அம்மாள் அலறினாள். கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். வடக்கு வாசல் தாண்டி முன்கால் இரண்டும் சந்துக்குள் போனது. அதற்கு மேல் கட்டில் திரும்பவில்லை. கொட்டகைச் சுவரில் முட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், அம்மா சரிந்தாள். மறுபடி உள்ளே இழுத்து, கூடத்தில் இறக்கினார்கள்.

ஜீப் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உறுமிக்கொண்டு நிற்கிறது. நடுவில் அப்பா கட்டின சுவர்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து முதல் அடி விழுந்தது. அப்பா கடப்பாரையால் இடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. ஆண்கள் எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். பெண்கள் சந்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். அக்கா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை விசிறச் சொன்னாள். நான் விசிறினேன். ஒவ்வொரு அடிக்கும் சுவரிலிருந்து பொடி உதிர்ந்து அம்மாவின் மஞ்சள் முகத்தில் விழுந்தது. நான் துடைத்துத் துடைத்து விசிறினேன். செங்கல் அசையவில்லை. இரட்டைச் செங்கல். வெளியே அப்பா மூன்று பாஷையிலும் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு இடித்தார். சம்மட்டி கொண்டுவாங்க என்றார். பாவிங்களா தள்ளுங்க என்றார். அவருடைய மூச்சு இரைப்பது எனக்கு உள்ளே கேட்டது. அம்மாவின் மூச்சு கேட்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டது.

முதல் செங்கல் உள்பக்கமாக விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு குச்சி மாதிரி நீண்டு தரையில் பட்டது. அத்தனை நாள் இருட்டில் இருந்த வீடு, கண் கூசிப்போயிற்று. இன்னும் இரண்டு அடி. ஒரு ஆள் தலை நுழைகிற அளவு ஆனதும் அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு, கைகளை ஊன்றித் தலையை உள்ளே நீட்டினார். புருவத்தில் சிமெண்டு. இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தது. வெயிலிலிருந்து பார்த்ததால் அவருக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கம் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மாவுக்கு என்னா பண்ணுது? கேளு. என்னா பண்ணுதுன்னு கேளு அவளை."

அக்கா அம்மாவின் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மஞ்சளும் பொடியும் சேர்ந்து வந்துவிட்டது. அடியில் இருந்த நிறம் அந்த வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

"வேணாம்ப்பா," என்றாள் அக்கா. "இனிமே கேக்க வேணாம்."

அப்பா தலையை வெளியே எடுக்கவில்லை. கண் பழகி, ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்திருக்கவேண்டும். பாய், கட்டில், அக்காவின் மடி. அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தார். ரோட்டில் நின்ற ஜீப் டிரைவர் என்ன ஆச்சு என்று இரண்டு தரம் கன்னடத்தில் கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் ஜீப்பை அணைத்துவிட்டான்.